பயிர் பிழைக்க மதகைத் திறந்தார்கள்

(ஆங்கில வினையும் தமிழ் வினையெச்சமும் பற்றித் தஞ்சாவூரில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணத்தில் ஒரு சின்ன இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். 'டு கோ', 'டு கம்', 'டு ஈட்' என்று வருகிறதே, அந்த வினை வடிவம். பாடப் புத்தகம் அதை இன்ஃபினிட்டிவ் என்கிறது. அது தனியாக வரும் வரை யாருக்கும் தொல்லை இல்லை. 'ஃபார்', 'ஆஃப்', 'இன்', 'வித்' என்கிற ப்ரிபொசிஷன்கள் பக்கத்தில் வந்து நிற்கும்போதும், 'ஹி' என்பது 'ஹிம்' ஆகி, 'ஐ' என்பது 'மீ' ஆகி அருகில் வரும்போதும்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மன்னார்குடிப் பிள்ளை தடுமாறுகிற இடத்திலேயே பட்டுக்கோட்டைப் பிள்ளையும் தடுமாறுகிறது, திருவையாற்றுப் பிள்ளையும் தடுமாறுகிறது. இத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறு செய்தால் அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அந்தத் தவறுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தமிழின் ஒழுங்கு. அதை நாம் எடுத்துச் சொல்லாததால்தான் பிள்ளை திண்டாடுகிறது. தமிழ் இலக்கணத்தை வைத்தே ஆங்கிலத்தின் இந்தப் பகுதியை விளக்கலாம் என்பதும், இதைவிட நேரான வழி வேறில்லை என்பதும் என் கட்சி.

நம் ஊர் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு வாக்கியங்கள் சொல்கிறேன், கேளுங்கள். 'அவர்கள் மதகைத் திறக்கப் பயிர் பிழைத்தது.' 'பயிர் பிழைக்க அவர்கள் மதகைத் திறந்தார்கள்.' இரண்டிலும் வருவது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். திறக்க, பிழைக்க. வடிவம் ஒன்றுதான், பொருள் வேறு. முதல் வாக்கியத்தில் 'திறக்க' என்பது காரணம், திறந்ததால் பிழைத்தது. இரண்டாவதில் 'பிழைக்க' என்பது காரியம், அதாவது நோக்கம். பிழைக்க வேண்டும் என்று திறந்தார்கள். 'பொழுது விடிய மடைக்குப் போனார்' என்றால் அங்கே காரணமும் இல்லை, நோக்கமும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, அவ்வளவுதான். நம் உரைகாரர்கள் மழையையும் நெல்லையும் ஞாயிற்றையும் வைத்து இந்த மூன்றையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன்.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். 'செய' என்றால் 'டு டூ' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அது மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. நோக்கத்தைச் சொல்லும் 'செய' மட்டுமே 'டு' கொண்டு ஆங்கிலத்துக்குப் போகும். 'தே ஓப்பன்ட் தி ஸ்லூயிஸ் ஃபார் தி க்ராப் டு சர்வைவ்.' காரணத்தைச் சொல்லும் 'திறக்க' அப்படிப் போகாது. 'தே ஓப்பன்ட் தி ஸ்லூயிஸ், அண்ட் தி க்ராப் சர்வைவ்ட்' என்று இரண்டு முற்று வினைகளாக உடைக்க வேண்டும், அல்லது 'பிகாஸ்' போட வேண்டும். விடியப் போனவருக்கு வினையே தேவையில்லை, 'அட் டேபிரேக்' போதும். எந்தச் 'செய' என்று முதலில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான் எங்கே 'டு' போடலாம் என்பது தெரியும். தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆங்கிலத்தில் விடை சொல்லச் சொல்கிறோம்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிழைப்பது பயிர், திறப்பது அவர்கள். எச்சத்துக்கு ஓர் எழுவாய், முற்றுக்கு வேறொரு எழுவாய். செய்து என்னும் வாய்பாட்டில் பொதுவாக இது நடக்காது. 'நான் சாப்பிட்டு அவன் போனான்' என்று சொல்ல மாட்டோம். செய என்னும் வாய்பாடு தன் எழுவாயைத் தானே வைத்துக்கொள்ளும், அதுவும் உருபு ஏதும் ஏற்காமல் எழுவாய் வேற்றுமையிலேயே வைத்துக்கொள்ளும். 'அவன் படிக்க நான் நிலத்தை விற்றேன்.' இந்த 'அவன்' அவனை ஆகவில்லை, அவனுக்கு ஆகவில்லை. அவன் அவனாகவே நிற்கிறான்.

ஆங்கிலத்தில் இந்த உரிமை இன்ஃபினிட்டிவுக்கு இல்லை. 'ஹி', 'ஷி', 'தே', 'ஐ' ஆகிய எழுவாய் வடிவங்கள் காலம் காட்டும் வினையோடுதான் வரும். 'டு ஸ்டடி' காலம் காட்டாது. அதனால் அதன் முன்னே 'ஹி' நிற்க முடியாது. அவன் 'ஹிம்' ஆக வேண்டும். 'ஹிம்' ஆனபின் அவனைத் தாங்க வேறொரு சொல் வேண்டும். முன்னே தாங்குகிற வினை இருந்தால் அது தாங்கும்: 'ஐ வாண்ட் ஹிம் டு ஸ்டடி', 'ஐ டோல்ட் ஹிம் டு ஸ்டடி'. அப்படி வினை இல்லாவிட்டால் 'ஃபார்' வந்து தாங்கும்: 'ஐ சோல்ட் தி லேண்ட் ஃபார் ஹிம் டு ஸ்டடி.' கடைமடையில் தண்ணீருக்காகக் காத்திருப்பதைச் சொல்ல வேண்டுமானால் 'வீ ஆர் வெயிட்டிங் ஃபார் தி வாட்டர் டு கம்.' அதிகாரி வருவதற்காகக் காத்திருந்தால் 'ஃபார் ஹிம் டு கம்.' நம் பிள்ளை 'ஃபார் ஹி டு கம்' என்று எழுதுவதும், 'ஃபார்' இல்லாமல் விடுவதும், தமிழில் அவர் வருவதற்காக என்னும்போது 'அவர்' மாறாமல் இருப்பதால்தான். இது அறியாமையால் வரும் தவறு அல்ல. தாய்மொழியின் விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

'ஐ வாண்ட் தட் ஹி ஷுட் கம்' என்று எழுதுகிற பிள்ளையும் அப்படித்தான். 'அவன் வரணும்னு நினைக்கிறேன்' என்று வீட்டில் பேசுகிறோம். 'என்று' என்பதற்கு 'தட்' போட்டிருக்கிறது. 'வாண்ட்' என்னும் வினை 'தட்' ஏற்காது, 'ஹிம் டு கம்' என்றுதான் கேட்கும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டு 'தவறு' என்று மட்டும் எழுதினோம். தமிழோடு அப்படியே பொருந்துகிற இடமும் இருக்கிறது, அதையும் காட்ட வேண்டும். 'அவனை வரச் சொல்' என்பதற்கு 'டெல் ஹிம் டு கம்.' அவனை, ஹிம். வர, டு கம். சொல், டெல். வரிசை மட்டும் தலைகீழ். 'எனக்குப் போவது கஷ்டம்' என்றால் 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கோ.' எனக்கு, ஃபார் மீ. பொருந்துகிற இடத்தை முதலில் காட்டினால் பிள்ளைக்குத் துணிவு வரும். பொருந்தாத இடத்தை அதன் பிறகு காட்டலாம்.

இலத்தீன் படித்தவர்களுக்கு இந்த 'ஹிம் டு கம்' புதிது அல்ல. செய்பவரை இரண்டாம் வேற்றுமையில் வைத்து இன்ஃபினிட்டிவைச் சேர்ப்பது அந்த மொழியில் அன்றாட வழக்கு. இதைச் சொல்லும்போது நம் காவிரிக் கரைக்கு வந்து தமிழ் படித்த வெளிநாட்டவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1706 ஜூலையில் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இடத்துக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. இலத்தீனில் எழுதிய நூல் அது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரும் தம்மைப் போன்ற பாதிரிமார்கள் பேச்சுத் தமிழ் கற்பதற்காக இலத்தீனிலேயே கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். 1728-இல் எழுதியதை 1738-இல் தரங்கம்பாடி அச்சுக்கூடம் அச்சிட்டது. வீரமாமுனிவர் கத்தோலிக்கர், அச்சுக்கூடம் லுத்தரன் சபையாருடையது. இரு தரப்புக்கும் சமயத்தில் கடும் பகை. இலக்கணத்தின் அருமை தெரிந்து அச்சிட்டார்கள். 1850-களில் தஞ்சாவூரில் வாழ்ந்த ஜி.யு. போப் ஆங்கிலேயர்கள் தமிழ் படிக்க ஆங்கிலத்தில் பாடநூல் எழுதினார்.

இவர்கள் யாரும் தமிழ் படிப்பதற்காகத் தங்கள் பழைய மொழியை மறக்கவில்லை. தெரிந்த இலக்கணத்தை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு தெரியாத இலக்கணத்தை அளந்தார்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுதி வைத்தார்கள். நாம் மட்டும் ஆங்கில வகுப்பு வாசலிலேயே பிள்ளையிடமிருந்து தமிழைப் பிடுங்கி வெளியே வைக்கிறோம். தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகளும் இருக்கின்றன. அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு அளக்கச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

இனி ப்ரிபொசிஷன் பக்கம் வருவோம். இதில்தான் தமிழ் இலக்கணம் நமக்குக் கை கொடுக்கிறது. வேற்றுமை உருபை ஏற்பது பெயர்ச்சொல் என்பது நமக்குப் பாலபாடம். 'பாட' என்னும் எச்சத்தோடு 'இல்' சேராது; 'பாடுவதில்' என்றுதான் வரும். 'போக' என்பதோடு 'கு' சேராது. 'போவதற்கு' என்றுதான் வரும். உருபு வேண்டுமென்றால் வினையைத் தொழிற்பெயர் போல ஆக்கிக்கொண்டுதான் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்திலும் இதே விதிதான். ப்ரிபொசிஷன் என்பது அவர்களுடைய வேற்றுமை உருபு. பின்னால் ஒட்டாமல் முன்னால் நிற்கிறது, அதுதான் வேறுபாடு. அது பெயரைத்தான் ஏற்கும். வினையைப் பெயராக்கும் வேலையை 'இங்' செய்கிறது. அதனால்தான் 'ஷி இஸ் குட் அட் சிங்கிங்': பாடுவதில் கெட்டிக்காரி. 'குட் அட் டு சிங்' என்பது 'பாடயில்' என்பது போன்ற பிழை. இப்படிச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உடனே காதில் உறைக்கும். 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்', 'அஃப்ரெய்ட் ஆஃப் கோயிங்', 'டயர்ட் ஆஃப் வெயிட்டிங்' எல்லாம் இந்த ஒரே விதியில் அடங்கும். இலத்தீனிலும் ப்ரிபொசிஷனுக்குப் பின் இன்ஃபினிட்டிவ் வராது. அதற்கென்று தனித் தொழிற்பெயர் வடிவம் உண்டு.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 'டு' என்பதே சில இடத்தில் வினையின் அடையாளம், சில இடத்தில் ப்ரிபொசிஷன். வேலைக்கு மனுப்போடும் நம் இளைஞர்கள் கடிதத்தின் கடைசியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுகிறார்கள். 'டு ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? 'டு' என்பதற்குப் பின்னால் 'இட்' என்னும் பிரதிப்பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்று வாக்கியம் நிற்கிறது. அப்படியானால் அங்கே 'டு' வேற்றுமை உருபு, 'இங்' வேண்டும். 'ஐ வாண்ட் டு இட்' நிற்கவில்லை. அங்கே 'டு' வினையைச் சேர்ந்தது, 'இங்' கூடாது. தேர்வுக்கூடத்திலும் நேர்காணலிலும் இந்தச் சோதனை கைவசம் இருக்கட்டும்.

இந்த 'டு' எங்கிருந்து வந்தது என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'செய்ய' என்பதற்கு 'டோன்' என்று ஒரே சொல்தான். முன்னால் 'டு' கிடையாது. நோக்கம் சொல்லும்போது மட்டும் அந்த வினையை நான்காம் வேற்றுமை வடிவத்தில் வைத்து, முன்னால் ப்ரிபொசிஷன் போட்டு, 'டோ டோன்னெ' என்றார்கள். நம் தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது 'செய' என்பதோடு 'செயற்கு' என்பதையும் சொல்கிறது. செயல், அதனோடு கு. 'டோ டோன்னெ' என்பதும் 'செயற்கு' என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒன்றே. பிறகு ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் தேய்ந்து போயின, முன்னால் நின்ற 'டு' மட்டும் எஞ்சியது. 'கேன்', 'மே', 'ஷால்' போன்ற துணைவினைகள் பழைய வெற்று வடிவத்தோடு வந்தவை, ஆகவே இன்றும் 'கேன் கோ'. 'கேன் டு கோ' இல்லை. இவ்வளவு தொலைவில் பிறந்த இரண்டு மொழிகள் நோக்கத்தைச் சொல்ல ஒரே வழியைக் கண்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

நம் பிள்ளை 'ஐ வென்ட் டு தி ஷாப் ஃபார் பையிங் ரைஸ்' என்று எழுதுகிறதே, அதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. 'வாங்குவதற்கு' என்பதில் 'கு' என்ற உருபுக்கு 'ஃபார்', 'வாங்குவது' என்பதற்கு 'பையிங்'. தமிழ்க் கணக்குச் சரி. ஆனால் போகிறவரின் நோக்கத்தை ஆங்கிலம் 'டு பை' என்றே சொல்லும். ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லத்தான் 'ஃபார்' என்பதையும் 'இங்' என்பதையும் சேர்க்கும்: 'எ மெஷின் ஃபார் த்ரெஷிங் பேடி', கதிரடிக்கிற இயந்திரம். ஆளின் நோக்கத்துக்கு 'டு', பொருளின் பயனுக்கு 'ஃபார்'. பழைய ஆங்கிலப் பாட்டுகளிலும் வட்டார வழக்கிலும் 'ஃபார் டு கோ' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் உண்டு; இன்றைய எழுத்து வழக்கில் அது இல்லை.

'பேச ஆள் இல்லை' என்கிறோம். 'நோபடி டு டாக்' என்று பிள்ளை எழுதுகிறது. ஆங்கிலத்தில் 'நோபடி டு டாக் டு' என்று கடைசியில் இன்னொரு 'டு' வேண்டும். 'உட்கார நாற்காலி' என்றால் 'எ சேர் டு சிட் ஆன்', 'குடியிருக்க வீடு' என்றால் 'எ ஹவுஸ் டு லிவ் இன்', 'கதிர் அறுக்க அரிவாள்' என்றால் 'எ சிக்கிள் டு கட் வித்.' தமிழில் இந்த உருபுகள் மறைந்துவிடுகின்றன. அவற்றை வெளியே கொண்டுவர வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். அரிவாள் என்ன செய்கிறது? அரிவாளால் அறுக்கிறோம். 'ஆல்' என்ற உருபு தெரிந்துவிட்டது, அதுதான் அந்த 'வித்.' வீட்டில் குடியிருக்கிறோம். 'இல்' தெரிந்துவிட்டது, அதுதான் 'இன்'. 'நாற்று நட ஆள்' என்பதற்கு எந்த உருபும் இல்லை, ஆளே நடுகிறார். ஆகவே 'பீப்பிள் டு ப்ளாண்ட் தி ஸீட்லிங்ஸ்' என்பதோடு முடிந்தது. கடைசியில் எதுவும் வராது. இந்த வேறுபாட்டை எந்தக் கைடும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது, நம் வேற்றுமை இலக்கணம் சொல்கிறது.

'போகச் சொன்னான்', 'போகச் செய்தான்', 'போக விட்டான்' மூன்றும் நமக்கு ஒரே அமைப்பு. ஆங்கிலத்தில் 'டோல்ட் மீ டு கோ' என்றால் 'டு' உண்டு. 'மேட் மீ கோ', 'லெட் மீ கோ' என்றால் 'டு' இல்லை. இதற்குத் தமிழில் துணை கிடையாது, மனப்பாடம்தான். ஆனால் 'ஐ வாஸ் மேட் டு கோ' என்று செயப்பாட்டு வினையாக்கினால் 'டு' திரும்பி வந்துவிடும். இதையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. 'பிக் அப்', 'புட் ஆன்', 'டேக் ஆஃப்' போன்ற இரட்டைச் சொல் வினைகளில் 'இட்', 'ஹிம்', 'ஹெர்' என்னும் பிரதிப்பெயர்கள் நடுவில்தான் வரும்: 'டு பிக் இட் அப்'. 'டு பிக் அப் இட்' கிடையாது. முழுப் பெயர் வந்தால் இரண்டு இடமும் சரி. 'லுக் ஆஃப்டர்' மாதிரி உண்மையான ப்ரிபொசிஷன் உள்ள வினைகளில் நடுவில் வராது: 'டு லுக் ஆஃப்டர் ஹெர்'. தமிழில் 'எடுத்துக்கொள்' என்னும் கூட்டு வினைக்கு நடுவே 'அதை' நுழைய இடமே இல்லை, எப்போதும் முன்னால்தான். ஆகவே இது நமக்குப் புதிய பழக்கம். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் படிய வேண்டும்.

இந்த மண்ணுக்கு ஆங்கிலம் அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாம் சரபோஜி மன்னர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஆங்கிலம் படித்தார். ஷ்வார்ட்ஸ் ஜெர்மானியர், அவருக்கும் அது கற்றுக்கொண்ட மொழிதான். கற்றுக்கொண்டவர் சொல்லிக்கொடுத்ததால் விதியோடு சொல்லிக்கொடுத்திருப்பார் என்பது என் ஊகம். வலங்கைமானில் 1869-இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னாளில் ஆங்கிலேயர்களே வெள்ளி நாக்கு என்று வியந்த பேச்சாளர் ஆனார். அதே கும்பகோணம் கல்லூரியில்தான் ராமானுஜன் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். கணக்கில் அப்படி ஒரு மூளை, ஆங்கிலம் தடுத்தது. அப்படி இன்றும் எத்தனையோ பிள்ளைகளைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தச் சின்ன இலக்கணத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

வினையெச்சத்தை நடுநிலைப் பள்ளியிலேயே தமிழ் ஐயா நடத்திவிடுகிறார். வேற்றுமை உருபும் தொழிற்பெயரும் அப்போதே வந்துவிடுகின்றன. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆங்கில ஆசிரியர் இன்ஃபினிட்டிவும், ஜெரண்ட் எனப்படும் அந்த 'இங்' வடிவமும் நடத்துகிறார். இருவரும் ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் அறையில் உட்காருகிறவர்கள். வருகிற கல்வியாண்டில் ஒரே ஒரு பாடவேளை இரண்டு பேரும் சேர்ந்து வகுப்புக்குப் போங்கள். தமிழ் ஐயா கரும்பலகையின் இடப்பக்கம் 'அவன் படிக்க நான் நிலத்தை விற்றேன்' என்று எழுதட்டும். ஆங்கில ஆசிரியர் வலப்பக்கம் அதை ஆங்கிலத்தில் எழுதட்டும். 'அவன்' எப்படி 'ஃபார் ஹிம்' ஆனான் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல அனுமதியுங்கள். தமிழ் பேசினால் அபராதம் என்று இருக்கிற பள்ளிகளில், பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.